கருவாடு என்ற தனிப்பெயர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாரச்சந்தைகளில் மீன் விற்கும் இடம் வேறு, கருவாடு விற்கும் இடம் வேறு. பேச்சிலும் அப்படித்தான். ‘இன்று வீட்டில் மீன் குழம்பு’ என்று ஒருவர் சொன்னால், அதைக் கருவாட்டுக் குழம்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நம்மைச் சுற்றியுள்ள மொழிகள் பலவற்றில் நிலைமை வேறு. தெலுங்கில் எண்டு சேப்ப, கன்னடத்தில் ஒண மீனு, மலையாளத்தில் உணக்கமீன். மூன்றுக்கும் பொருள் காய்ந்த மீன்தான். கடல் தாண்டிப் போனால் மலாய் மொழியின் இக்கான் கெரிங் என்பதும் அதே அமைப்பு. மீன் என்ற பெயரை வைத்துக்கொண்டு, அதற்கு ஓர் அடையைச் சேர்த்திருக்கிறார்கள். தமிழோ மீன் என்ற சொல்லையே விட்டுவிட்டுப் புதுப் பெயர் சூட்டியது. சிங்களமும் மாளு என்ற மீன்பெயரைச் சேர்க்காமல் கரவல என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறது. கருவாடு என்பதைக் கெடாமல் வைத்துக்கொண்ட மீன் என்று தமிழ் பேசுவோர் கருதவில்லை, வெயில் ஆக்கித் தந்த வேறொரு பண்டம் என்றே கருதினார்கள் என்பதற்கு இந்தப் பெயரே முதல் சான்று என்று நினைக்கிறேன்.

பண்டம் பழையது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனம் வட்டாரம். அவனுடைய கிடங்கில், திண்டிவனம் நகரிலேயே கிடங்கல் என்ற பெயரோடு இருக்கிறது. அவனுடைய எயிற்பட்டினம் மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார்கள். சோ என்றாலும் மதில், எயில் என்றாலும் மதில் என்பதால் அந்தக் கருத்துக்கு வலு உண்டு. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட அந்த நிலம் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, செய்யூரை ஒட்டிக் கிடக்கிறது. ஆகவே இந்தக் கரையின் சாப்பாட்டை அருகிலிருந்து அறிந்தவர் அவர். பரிசில் பெறப் போகும் பாணனுக்கு ஊர்தோறும் என்ன உணவு கிடைக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும். வேலூரில் எயினர் வீட்டில் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும். எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் கள்ளும், அதற்குத் துணையாகச் சுட்ட குழல்மீனும். அந்தக் குழல்மீனுக்கு அவர் கொடுக்கும் அடைதான் முக்கியம்: வறல்.

வறல் என்பது வறுத்ததைக் குறிக்கலாமே, உலர்ந்தது என்று ஏன் கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். சுட்டது என்ற பொருளைச் சூடு என்ற சொல் அங்கேயே தனியாகத் தந்துவிடுகிறது. அடுப்பு வேலையைச் சூடு சொல்லிவிட்டதால், வறல் அதற்கு முந்தைய வெயில் வேலையைத்தான் சொல்ல வேண்டும். ஆக, அது சுட்ட கருவாடு. அலையோசை கேட்கும் ஊரில், துள்ளும் மீன் கைக்கு எட்டும் இடத்தில், விருந்தாளிக்கு உலர்ந்த மீனைச் சுட்டு வைக்கிறார்கள். மீன் கிடைக்காதவன் தின்பது கருவாடு என்ற நினைப்புக்கு இந்தக் காட்சி இடம் தரவில்லை. கள்ளுக்கு அதுவே பொருத்தம் என்று தெரிந்து வைத்ததாகவே படுகிறது.

ஆனால் நத்தத்தனார் கருவாடு என்ற சொல்லை ஆளவில்லை. சங்கப் பாடல்களில் அந்தச் சொல்லே இல்லை. நெய்தல் பாட்டுகளில் உணங்கல், உணக்கல் என்று வரும். நற்றிணையில் பரதவர் வீட்டுப் பெண், காயப்போட்ட சுறாத் துண்டங்களைப் பறவை தின்னாமல் ஓட்டிக் காவல் இருக்கிறாள். உணங்கு என்றால் காய்தல், உணக்கு என்றால் காயவைத்தல். வறல், உணங்கல், உணக்கல் எல்லாமே நிலையைக் குறிக்கும் சொற்கள். நெல்லும் உணங்கும், மிளகும் உணங்கும். மலையாளம் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு உணக்கமீன் என்றது. தமிழ் அதைக் கைவிட்டது. சங்க நூலில் இல்லாத சொல் பிற்காலத்துச் சொல்தானே என்றால், சொல்லின் வடிவம் பிற்காலத்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. அதன் உறுப்பு பழையது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டுச் சோற்றோடு வாடூன் வருகிறது. வாடிய ஊன், அதாவது உலர்த்திய இறைச்சி. தசையை உலர்த்துவதற்கு ‘வாடு’ என்ற வினையை ஆளும் வழக்கம் அன்றே இருந்தது. வாடூனில் முன்னால் நின்று ஊனைத் தழுவிய அந்த ‘வாடு’ கருவாட்டில் பின்னால் வந்து தானே பெயராகி நிற்கிறது. ஊன் என்றோ மீன் என்றோ இன்னொரு சொல் அதற்குத் தேவைப்படவில்லை. வினையின் முதனிலையே பண்டத்துக்குப் பெயராவது தமிழ் அடுப்படிக்குப் புதிதும் அல்ல. பொரிந்தது பொரி, கூட்டியது கூட்டு. அந்த வழியில் வாடியது வாடு.

‘கரு’ என்ற முன்பகுதியில்தான் வழக்கு இருக்கிறது. கருமை நிறம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் நெத்திலிக் கருவாடு வெள்ளியாக மின்னுகிறதே, வாளைக் கருவாடு வெளுத்துக் கிடக்கிறதே, காரப்பொடி மஞ்சள் பாய்ந்து இருக்கிறதே என்ற மறுப்பு உடனே எழும். மறுப்பு நியாயமானது. நிறம் என்று கொண்டால் அதற்கு விடை இல்லை. ஆனால் ‘கரு’ தமிழில் நிறத்தோடு நிற்பதில்லை. கருகு, கருக்கு என்ற வினைகள் அதே அடியில் பிறந்து தீயிலும் வெயிலிலும் காய்ந்து தீய்வதைக் குறிக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து உழவர் மழை பொய்த்த ஆண்டில் பயிரைப் பார்த்துச் சொல்வது என்ன? கருகிப் போச்சு, வாடிப் போச்சு. கருகலும் வாடலும் இணைந்து வருவது வெயில் தாக்கிய உயிர்ப்பொருளைப் பற்றிப் பேசும்போதுதான். கருகிய பயிர் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வைக்கோல் நிறத்திலும் இருக்கும். கருவாட்டின் ‘கரு’வையும் வெயில் தீய்த்ததன் அடையாளமாகக் கொண்டால் நெத்திலியின் வெள்ளி நிறம் தடையாகாது. இலக்கணப்படி இதைப் பண்புத்தொகை என்றே சொல்லலாம். அந்தப் பண்பு நிறம் அல்ல, வெயிலின் தாக்கம் என்பதே என் வாதம். மீன் என்ற சொல் மின்னுதலோடு தொடர்புடையது, மின்னல் போனதும் மீன் என்ற பெயரும் போனது என்று விளக்குவதற்கும் ஆசை வரும். அழகான விளக்கம்தான், ஆனால் மேலே சொன்ன நெத்திலியே அதை உடைத்துவிடுகிறது. அதை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில்தான் பெயரின் உயிர் என்பதற்கு வேறொரு வழியிலும் சான்று உண்டு. கருவாடு என்ற பெயரில் உப்பு இல்லை. மரக்காணம் போன்ற ஊரை நினைத்துப் பார்த்தால் இது வியப்பாகவே இருக்கிறது. கழுவேலி நீர்ப்பரப்பை ஒட்டி அங்கே உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கழுவேலி, கடல்நீரும் மழைநீரும் கலக்கும் பெரிய சதுப்பு. அப்படி ஒரு கரையிலும் பண்டத்தின் பெயரில் உப்பு ஏறவில்லை. உள்நாட்டு இறைச்சிக்கு உப்புக்கண்டம் என்று உப்பை முன்னிறுத்திப் பெயர் வைத்தவர்கள், கருவாட்டுக்கு ஏன் வைக்கவில்லை? தொழிலைப் பார்த்தால் விளங்கும். சுறா, திருக்கை, வஞ்சிரம், பாறை போன்ற பெரிய மீன்களைக் கீறிக் குடலெடுத்து உப்பில் ஊறப்போட்டால்தான் காயும். புதுமீனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். தடித்த சதைக்குள் இருக்கும் தண்ணீரை வெயில் எட்டுவதற்குள் மீன் அழுகிவிடும், உப்பு அதை வெளியே இழுத்துவிடுகிறது. நெத்திலி, காரப்பொடி போன்ற பொடிமீனுக்கு அந்த அவசியம் இல்லை. மணலில் பரப்பினால் வெயிலே போதும். உப்பிட்டதும் உப்பிடாததும் ஒரே பெயரில் அடங்க வேண்டும் என்றால், இரண்டுக்கும் பொதுவான வெயிலைத்தான் பெயராக்க முடியும்.

பேச்சில் இருந்தே ஒரு மறுப்பு வரும். கடற்கரையில் ‘பச்ச மீன்’ என்ற வழக்கு இருக்கிறது. பச்சை என்று அடை கொடுக்க வேண்டியிருந்தால், காய்ந்த மீனும் மீன் என்ற பெயருக்குள் அடங்குகிறது என்றுதானே ஆகும்? அடை தேவைப்படுவது இரண்டும் ஒரே கையில் புழங்கும் இடத்தில் மட்டும். அங்கேயும் பச்ச மீனுக்கு எதிராகக் காய்ந்த மீன் என்று எவரும் சொல்வதில்லை, கருவாடு என்றே சொல்கிறார்கள். கறந்த பால் மடி புகாது, கருவாடு மீனாகாது என்ற பழமொழி இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அரிசியைக் களைந்தாலும் அரிசிதான். மிளகாய் காய்ந்தாலும் மிளகாய்தான், காய்ந்த மிளகாய் என்றே பெயர். மீனோ காய்ந்ததும் திரும்பி வர முடியாத எல்லையைக் கடந்துவிட்டது என்பது மக்களின் தீர்ப்பு. எல்லைக்கு அப்பால் போனதும் அது இலக்கணத்திலும் முழுப் பெயராக நடக்கிறது: ஆடு ஆட்டு ஆவது போல, கருவாடு கருவாட்டு ஆகிக் குழம்போடும் கடையோடும் சேர்கிறது.

அயல்நாட்டுப் பண்டம் வந்தபோது இந்தப் பெயரின் பலம் இன்னும் துலங்குகிறது. மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையில் இட்டு, காயவைத்து, கட்டை போல் இறுகச் செய்வார்கள். பதினான்காம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இபின் பதூதா, அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்திருக்கிறார். மாலத்தீவு மொழியில் மஸ் என்றால் மீன், அவ்வளவுதான். தமிழுக்கு வந்தபோது அது மாசி ஆனது. மாசி என்றால் உலர்ந்தது என்று பொருள் குறுகியது. அதற்கும் மேலாக மாசிக் கருவாடு என்று நம் பெயரையும் ஏற்றுக்கொண்டது. மீன் என்று பொருள்படும் அயற்சொல் ஒன்று தமிழில் நுழைந்ததும் கருவாட்டின் இனத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. தனி இனம் ஒன்று நம் மனத்தில் ஏற்கெனவே இல்லாவிட்டால் இப்படி நடந்திருக்காது.

கருவாடு ஏழைகளின் தீனி என்பதால் அந்தச் சொல்லுக்கும் மதிப்புக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. வடதமிழ்நாட்டில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, முருங்கைக்கீரையோடு கருவாட்டுக் குழம்பையும் படைக்கிறார்கள். தெய்வத்தின் முன் வைக்கும் பண்டத்தின் பெயரைச் சொல்ல மக்கள் கூசவில்லை. கூச்சம் எழுத்தில்தான் வருகிறது. அரசாணைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் மீன் உலர்தளம், உலர் மீன் என்று எழுதுகிறார்கள். கடைகளில் பொட்டலத்தின் மேல் டிரை பிஷ் என்று அச்சிடுகிறார்கள். உலர்தளம் என்ற சொல்லில் எனக்குக் குறை இல்லை, அது இடத்தின் பெயர், செய்யும் வேலையைச் சொல்கிறது. ஆனால் உலர் மீன் என்பது, வறலும் உணங்கலும் இருந்த இடத்துக்குப் பண்டத்தைத் திருப்பி அனுப்புகிறது. நிலையை மட்டும் சொல்லி, அது இன்னொரு மீன்தான் என்று காட்டுகிறது. உலர்த்தும் இயந்திரத்தில் காய்ந்ததற்கு வெயிலைச் சொல்லும் பெயர் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், எள்ளில் இருந்து வந்த எண்ணெய் என்ற சொல் தேங்காய்க்கும் கடலைக்கும் பொருந்தியதைச் சொல்வேன். அப்படி விரியும் ஆற்றல் கருவாடு என்ற சொல்லுக்கும் இருக்கிறது. சென்னாக்குன்னி என்ற பொடி இறால் மட்டும் காய்ந்த பிறகும் பெரும்பாலும் தன் பெயரிலேயே நிற்கிறது. அதை விற்பவர்களும் கருவாட்டுக்காரர்கள்தான்.