ஒரு மணி நேரக் கடல்: மீன்தொட்டி ரியாலிட்டி ஷோக்களுக்கு முந்தைய கதை

'டாங்க்ட்' என்று ஒரு நிகழ்ச்சி. அனிமல் பிளானட் சேனலில் 2011 ஆகஸ்டில் ஆரம்பித்து 2018 வரை ஓடியது. லாஸ் வேகாஸில் அக்ரிலிக் மீன்தொட்டி செய்யும் ஒரு நிறுவனம், அதை நடத்தும் மச்சான் உறவுக்காரர்கள் இரண்டு பேர்: வேட் கிங், பிரெட் ரேமர். யாராவது பணக்காரரோ பிரபலமோ கூப்பிடுவார். இவர்கள் போய் அளவெடுப்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள், பட்டறையில் தொட்டி வளரும், கடைசியில் திரை விலகும். கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீலுக்கு ட்ரக் வடிவத்தில்கூட ஒரு தொட்டி செய்தார்கள். அடுத்த ஆண்டே நாட் ஜியோ வைல்டு சேனலில் 'ஃபிஷ் டேங்க் கிங்ஸ்' என்று ஃப்ளோரிடாவிலிருந்து இன்னொன்று வந்தது.

ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களில் நானும் ஒருவன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றடித் தொட்டி, செயற்கை கடல் உப்பு, ஒரு பம்ப் வாங்கினேன். "இந்த பாக்டீரியா பாட்டிலை ஊத்திட்டா போதும் சார், நாளைக்கே மீன் விடலாம்" என்றார் கடைக்காரர். விட்டேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாங். ஒன்பது நாளில் மூன்றும் போய்விட்டன. கடைசியாகச் செத்தது நீல டாங். பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் வேகமாக அடித்துக்கொண்டு கிடந்ததை என் பெண் பார்த்துவிட்டாள். "டிவில வந்த மீன்லாம் சாகலையேப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

ஜன்னலோரம் ஒரு பணிப்பெண்

கண்ணாடித் தொட்டியில் கடல் உயிரிகளை வைத்து முறையாக ஆராய்ந்த முதல் ஆட்களில் ஒருவர் ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண். 1832 வாக்கில் சிசிலித் தீவின் மெசினாவில் இருந்தார். ஆர்கோனாட் என்ற எண்கால் உயிரி தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறு எதனிடமிருந்தாவது திருடிக்கொள்கிறதா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் வைத்து வளர்த்துப் பார்த்து, தானேதான் செய்கிறது என்று நிரூபித்தார்.

ஆனால் மெசினாவில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கடல் இல்லாத ஊரில் என்ன செய்வது? 1846-ல் ஆன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையில் சில கல் பவளங்களைப் பார்த்து ஆசைப்பட்டார். பயணத்தில் உருண்டு அடிபடாமல் இருக்க, ஊசி நூலால் கடற்பஞ்சில் வைத்துத் தைத்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார். ஆரம்பத்தில் கடற்கரையிலிருந்து தண்ணீர் வரவழைத்து அடிக்கடி மாற்றினார். அது கட்டுப்படியாகவில்லை. பிறகு, வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னல் பக்கம் நின்று, அரை மணி முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஆற்றினாள். நம்ம ஊரில் டீ ஆற்றுவது போலத்தான். 1847-ல் கடற்பாசிகளையும் உள்ளே விட்டார். பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தன.

வரலாற்றின் முதல் ஏர் பம்ப் அந்தப் பணிப்பெண்ணின் கைகள்தான் என்று எனக்குத் தோன்றும். மின்சாரம் இல்லை, சோதனைக் கருவி இல்லை. தினமும் ஒரே வேலையைத் தவறாமல் செய்ய ஒரு ஆள் இருந்தாள். அவ்வளவுதான்.

மோகம் பிறந்தது, கரை காலியானது

அந்தச் சமயத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்தன. 1845-ல் பிரிட்டனில் கண்ணாடி வரி ரத்தானது, கண்ணாடி மலிவானது. ரயில் கடற்கரைகளைத் தொட்டது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் 'சமநிலைத் தொட்டி' பற்றி எழுதினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மண்டபம் திறந்தது. அதற்கு உழைத்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். 1854-ல் அவர் எழுதிய புத்தகம்தான் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மாடு தண்ணீர் குடிக்கும் இடம் என்று பொருள்!

அடுத்த சில ஆண்டுகள் ஒரே பைத்தியம். வரவேற்பறைதோறும் தொட்டி. காஸின் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பாறைக் குட்டைகளில் இருந்த கடல் சாமந்தி, பவளம், நண்டு எல்லாவற்றையும் உளியால் பெயர்த்து எடுத்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததில் பெரும்பாலானவை செத்தன. திரும்பப் போய் எடுத்தார்கள். காஸின் மகன் எட்மண்ட், 1907-ல் வெளியான தன் நினைவு நூலில் இதை எழுதியிருக்கிறார். அப்பா காட்டித் தந்த அந்தக் குட்டைகள் அப்பாவின் வாசகர்களாலேயே சூறையாடப்பட்டன, அது அப்பாவை மிகவும் வருத்தியது என்று.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். காஸ் பொய் சொன்னவர் இல்லை, கடலை நேசித்தவர். ஆனாலும் அவர் காட்டிய அழகுதான் அந்தக் கரையை மொட்டையடித்தது.

பார்னமின் வெள்ளைத் திமிங்கலங்கள்

கடல் தாண்டி நியூயார்க்கில் வேறு ஒரு மரபு உருவானது. பி.டி. பார்னம், வித்தைக்காட்டும் தொழிலின் பெரிய முதலாளி. 1850களின் பிற்பகுதியில் தன் அருங்காட்சியகத்தில் மீன்தொட்டிகளை வைத்தார். 1861-ல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பிடித்த இரண்டு பெலுகா திமிங்கலங்களைக் கொண்டுவந்து, கட்டடத்தின் அடித்தளத்தில் கட்டிய தொட்டியில் விட்டார். கூட்டம் அலைமோதியது. சில நாட்களில் இரண்டும் செத்தன. அவர் வேறு திமிங்கலங்களைப் பிடித்துவரச் சொன்னார். துறைமுகத்திலிருந்து குழாய் போட்டுக் கடல் நீரையும் கொண்டுவந்தார். 1865 ஜூலையில் அந்தக் கட்டடம் எரிந்தபோது தொட்டியில் இருந்த திமிங்கலங்களும் அதோடு போயின.

ஆன்னா தைனின் தொட்டியில் பார்க்க ஒன்றுமே நடக்காது, காத்திருக்க வேண்டும். பார்னமின் தொட்டியில் திரை விலகும் அந்த நொடிதான் எல்லாம். டிவி நிகழ்ச்சிகள் இதில் யாருடைய பேரப்பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆறு வாரம்

சரி, என் மீன்கள் ஏன் செத்தன?

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. அம்மோனியா விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு தாங்கக்கூடியது, தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பதைச் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் தெளிவுபடுத்தினார். விக்டோரியா காலத்து ஆட்களுக்கு இது தெரியாது. செடி, ஆக்சிஜன் என்று மட்டுமே யோசித்தார்கள்.

ஆனால் தெரியாமலே ஒருவர் சரியாகச் செய்தார். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் என்பவர் 1871-ல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் அக்வேரியத்துக்கு, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுக் கிடங்கு ஒன்றைக் கீழே கட்டினார். தண்ணீர் ஓயாமல் மேலும் கீழும் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்வையாளர் கண்ணில் படுவது கொஞ்சம், படாதது நிறைய. இன்று தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் 'சம்ப்' வைக்கிறோமே, அதன் தாத்தா இதுதான்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கு ஒரு நாள் வாக்கில் ஆகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு சேர, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். அந்த நாட்களில் மீன் இல்லாமல், கொஞ்சம் அம்மோனியா மட்டும் சேர்த்து, தினமும் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த டிவிக்காரர் இதைக் காட்டுவார்?

நிகழ்ச்சியின் மீது வளர்ப்பாளர்கள் சொன்ன முக்கியமான குறையும் இதுதான். தொட்டி நிறைகிறது, அடுத்த காட்சியில் மீன்கள் உள்ளே போகின்றன. பெரிய நிறுவனத்துக்கு முன்கூட்டியே பழக்கிய ஃபில்டர் பொருளைக் கொண்டுவரவும், பிறகு வாராவாரம் ஆள் அனுப்பவும் முடியும். வீட்டில் பார்க்கிறவனிடம் அந்த வசதி இல்லை. என் தொழில் மொழியில் சொன்னால், டெஸ்ட் பண்ணாமல் நேரே ப்ரொடக்‌ஷனில் போட்டேன். வழக்கமாக சர்வர் சாகும், இங்கே மீன் செத்தது.

நீல டாங் விஷயத்தில் இன்னொரு தப்பும் உண்டு. அது சுமார் 30 செ.மீ. வளரும், ஓடியாடி நீந்தும் மீன். மூன்றடித் தொட்டி அதற்குக் குளியலறை மாதிரி.

மீன் எங்கிருந்து வருகிறது?

2003-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி ஆண்டுக்கு 2 முதல் 2.4 கோடி கடல் அலங்கார மீன்கள் விற்பனையாகின்றன, 1,471 இனங்கள். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை திட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை.

பிடிக்கும் விதம்? 1960களில் பிலிப்பைன்ஸில் ஆரம்பித்த ஒரு பழக்கம்: சயனைடு மாத்திரையைக் கரைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துப் போய்ப் பவள இடுக்குகளில் பீச்சுவது. மீன் மயங்கும், கையால் எடுத்துவிடலாம். பவளம் செத்துப்போகும். மயங்கிய மீனும் பல சமயம் கொஞ்ச நாள் கழித்துச் சாகும். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டும் வாழும் பாங்காய் கார்டினல் மீன், 1990களின் நடுவில்தான் சந்தைக்குப் பரவலாக வந்தது. 2007-லேயே அருகிவரும் இனமாக அறிவிக்க வேண்டிய நிலை.

திரும்பிப் போகும் பாதையும் ஆபத்துதான். இந்தோ-பசிபிக் சிங்க மீன் 1985-ல் ஃப்ளோரிடாக் கரையில் தென்பட்டது, இன்று கரீபியன் முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்கிறது. வளர்த்தவர்கள் கடலில் விட்டதே காரணம் என்பது பொதுவான முடிவு. வளர்க்க முடியவில்லை என்றால் கடலில் விடுவது புண்ணியம் இல்லை.

டிவியும் சினிமாவும்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதும் சரியில்லை. 'ஃபைண்டிங் டோரி' வந்தபின் நீல டாங் வாங்க எல்லோரும் ஓடினார்கள் என்று பேச்சு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது: இணையத்தில் தேடியவர்கள் கூடினார்கள், ஆனால் அமெரிக்காவுக்கு வந்த இறக்குமதி கூடியதற்குச் சான்று இல்லை. ஆக, திரை செய்யும் தீங்கு எண்ணிக்கையில் இல்லாமல் இருக்கலாம். என்னைப் போல வாங்குகிற சிலரிடம், இது ஒரு நாள் வேலை என்ற நினைப்பை விதைக்கிறதே, அது நிச்சயம் தீங்கு.

நம் கரையில்

கடல் மீன் காட்சி நமக்குப் புதிது இல்லை. 1909-லேயே சென்னை மெரினாவில் அக்வேரியம் திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. இன்று வீட்டில் வைக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டம். 2001 முதல் கடின பவளங்களும் கடல் குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. வெளிநாட்டு நிகழ்ச்சியில் பார்த்தோமே என்று மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளத்தையோ பவளக் கல்லையோ யாராவது பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கக் கூடாது. நல்ல செய்தியும் உண்டு. கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உருவாக்கியிருக்கிறது. நீல டாங்கையே 2016-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் கூடத்தில் பொரிக்க வைத்துவிட்டார்கள்.

அந்த மூன்றடித் தொட்டியை இரண்டு வருடம் கழித்து மறுபடி நிரப்பினேன். பவளக் கல்லுக்குப் பதில் பீங்கான் துண்டுகள். ஏழு வாரம் வெறும் தண்ணீர். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். தினமும் ராத்திரி சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதியது என் பெண்தான். பூஜ்யம், பூஜ்யம் என்று மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகு, பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களை விட்டோம். அவை இன்னும் இருக்கின்றன.

நீல டாங் வாங்கவில்லை. அதற்கு ஏற்ற தொட்டி வைக்க என் வீட்டில் இடம் கிடையாது.