தொம்மலூரில் வீடு பார்த்த கதையும் இரண்டு நிலைக்கால்களும்

2015-இல் பெங்களூரில் வேலை கிடைத்ததும் திருநெல்வேலிக்கு போன் போட்டேன். அப்பா சம்பளம் கேட்கவில்லை. "தண்ணி எப்படிலே அங்க?" என்றார். தங்கமணியின் கவலை பொண்ணோட ஸ்கூல். பெரிய மாமா மட்டும், "அல்சூர் பக்கமா பாருடே. நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க. ஒரு பிரச்சினைன்னா தனியா மாட்டிக்கக் கூடாது" என்றார். மாமா 1991 டிசம்பரில் பெங்களூரில் இருந்தவர். காவிரிக் கலவரம் நடந்த மாதம் அது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வாரக் கடைசிகள் அலைந்து, கடைசியில் தொம்மலூரில் ஒரு மாடி வீடு பிடித்தோம். ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம். பெங்களூர் டிராஃபிக் தெரிந்தவர்களுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை. பத்து மாத வாடகை அட்வான்ஸ், பதினோரு மாத அக்ரிமென்ட். "பதினோரு மாசத்துக்கு ஒருக்கா இந்த ஊருக்குக் கையெழுத்து போட்டுக் குடுக்கணும் போல" என்று சிரித்தாள் தங்கமணி.

சரி, புலம்பல் போதும். விஷயத்துக்கு வருவோம்.

தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் என்று ஒன்று இருக்கிறது. மதுரை சொக்கநாதர் நினைப்பில் நெற்றி நிறைய விபூதியோடு போனேன். உள்ளே பார்த்தால் பெருமாள்! கல்வெட்டில் இவருக்குப் பெயர் சொக்கப்பெருமாள். கல்லில் எழுத்துகள் இருப்பதைப் பொண்ணுதான் முதலில் பார்த்தாள். "அப்பா, இது 'ப' மாதிரி இருக்கு!" கிட்டே போய்ப் பார்த்தால், தமிழ்!

இந்தக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவந்தவர் பி. எல். ரைஸ். பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர். மைசூர் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைப் படியெடுத்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்று தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது 1905-இல் வந்த ஒன்பதாம் தொகுதி.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டவை இவை. தொம்மலூருக்கு அன்றைய பெயர் தொம்பலூர். இன்னொரு பெயரும் உண்டு: தேசிமாணிக்கப்பட்டணம். பட்டணம் என்றால் சந்தை கூடும் ஊர். நாலு திசையிலும் போய் வியாபாரம் செய்த வணிகர்களை அந்தக் காலத்தில் நானாதேசிகள் என்பார்கள். பெயரில் 'தேசி' ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் அப்போதே இங்கே இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்திருக்கிறார். வாசல் கதவைத் தாங்கும் அந்த இரண்டு கால்கள்தான். இன்னொன்றில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நிலம் கொடுக்கிறார்கள். ஜலப்பள்ளி என்ற ஊரும் விண்ணமங்கலம் ஏரியும் அதில் வருகின்றன. 1290 வாக்கில் போசள வீர ராமநாதன் தொம்மலூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் கொடுக்கிறான். பிறகு விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்திலும் கொடைகள் தொடர்கின்றன.

இந்த ராமநாதன் கதை நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். போசளர்கள் கன்னட நாட்டு அரச குலம். அப்பா சோமேஸ்வரன் ராஜ்யத்தைப் பிரித்தபோது ஒரு மகன் நரசிம்மனுக்குத் துவாரசமுத்திரம் போனது. ராமநாதனுக்குத் தமிழ்ப் பகுதி வந்தது. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணனூர்தான் தலைநகரம். பாண்டியர் கை ஓங்கியதும் அங்கே இருக்க முடியவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு குந்தாணிக்கு வந்துவிட்டான். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே இருந்துகொண்டு ஓசூர், பெங்களூர், கோலார் பக்கமெல்லாம் ஆண்டான். கன்னட வம்சத்து ராஜா, இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் ஊரில், தமிழில் கல்வெட்டு வெட்ட வைத்திருக்கிறான். ராஜாவுக்கே டிரான்ஸ்ஃபர் உண்டு என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் :)

இதையெல்லாம் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெங்களூர் நம்ம ஊருதான், கல்வெட்டே இருக்கு" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட டைப் செய்தும் விட்டேன். அனுப்புவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் தேடினேன். நகரத்துக்குத் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் ஒரு வீரக்கல் இருக்கிறது. கி.பி. 900 வாக்கில் பழைய கன்னடத்தில் எழுதப்பட்டது. பெங்களூரு என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். மெசேஜை அழித்துவிட்டேன். திரும்பவும் தொம்மலூர்க் கல்வெட்டுகளைப் பார்த்தால், இந்த ஊர் எங்களுடையது என்று அழகியார் எங்கேயும் சொல்லவில்லை. இன்னதைக் கொடுத்தேன் என்பதோடு முடித்துக்கொண்டார்.

நம்மவர்கள் பெருங்கூட்டமாக வந்தது அதற்கு ரொம்பப் பிற்பாடு. திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படைக்கு அங்கே காய்ச்சல் தாங்க முடியவில்லை. 1809-இல் அல்சூர் பக்கம் கண்டோன்மென்ட் போட்டார்கள். மதராஸ் படையோடு சிப்பாய்களும், அவர்கள் பின்னால் கடைக்காரர்கள், கான்ட்ராக்டர்கள், கூலியாட்கள் என்று தமிழர்களும் வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்ததும் வருவது இன்னும் சுலபமாயிற்று. மாமா சொன்ன "அல்சூர் பக்கமா பாரு" என்பது அப்படியாக ஏறக்குறைய இருநூறு வருஷத்து அட்வைஸ்!

அப்படி வந்த குடும்பங்களில் ஒருவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டர். சம்பாதித்த பணத்தில் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவர் பெயரில் கல்வி நிறுவனங்கள் இன்றும் நடக்கின்றன. எனக்கு உடனே அந்த நிலைக்கால்கள்தான் ஞாபகம் வந்தன.

அப்புறம் 1940-இல் எச்.ஏ.எல். வந்தது. தொம்மலூரை ஒட்டிப் போகும் ரோடு ஏர்போர்ட் ரோடு ஆனது. 2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போனதும் 'பழைய' ஏர்போர்ட் ரோடு. ஐ.டி. கம்பெனிகள் வந்தன, பின்னாலேயே நாமும் வந்தோம்.

மாமா பயந்தது 2016 செப்டம்பரில் வந்தது. காவிரித் தீர்ப்பை ஒட்டித் தமிழ்நாட்டு வண்டிகளை எரித்தார்கள். என் பைக் டிஎன் 72, வாசலில் ரோட்டோரம் நிற்கிறது. ஊரிலிருந்து போன் மேல் போன். என்ன செய்வதென்று தெரியாமல் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு ஓனரம்மா வெளியே வந்தார். கேட்டை அகலத் திறந்து, "காடி ஒளகடெ நில்லிசி" என்றார். வண்டியை உள்ளே நிறுத்துங்க என்று அர்த்தம். நிறுத்தியதும் மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினார். ராத்திரி சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

அடுத்த வருஷம் பொண்ணுக்கு ஸ்கூலில் கன்னடம் எடுத்தோம். "தமிழ் மறந்துடும்டே" என்று மாமாவுக்கு வருத்தம். வீட்டில் தினம் அரை மணி நேரம் தமிழ் நான் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கன்னடம் அவள் சொல்லிக்கொடுக்கிறாள். மாணவன் கொஞ்சம் மக்கு.

அப்பா வந்தபோது கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஏரி இப்ப எங்கலே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. 2024 கோடையில் போர்வெல் வற்றி லாரித் தண்ணிக்குக் காத்திருந்தபோது அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

புதுசாக இங்கே வீடு தேடுகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். ஆபீஸ் எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஸ்கூல் பக்கமா என்று பாருங்கள். நம்ம ஆளுங்க இருக்காங்களா என்றும் பாருங்கள், தப்பில்லை. அதோடு குடிபோன முதல் வாரமே கீழ் வீடு, பக்கத்து வீடு எல்லாம் போய்ப் பேசிவிடுங்கள், அரைகுறைக் கன்னடமானாலும் பரவாயில்லை. தொம்மலூர் பக்கம் வந்தால் சொக்கப்பெருமாளையும் சேவித்துவிட்டு வாருங்கள். விபூதி மட்டும் கொஞ்சம் கம்மியாக.