விகதகுமாரன்

விகதகுமாரன், திருவிதாங்கூரில் எடுக்கப்பட்ட மௌனப்படம். மலையாளத்தின் முதல் திரைப்படமாகக் கருதப்படுகிறது. காணாமற்போன பிள்ளை என்பது பெயரின் பொருள். கதை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நாயகனாகவும் நடித்தவர் ஜே. சி. டேனியல். அவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர், நெய்யாற்றின்கரையில் பிறந்தவர் என்பாரும் உண்டு. முதல் காட்சி 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் 23 என்பது பின்வந்தோர் கொள்கை.

களரிப்பயிற்று, வாள்வீச்சு ஆகியவற்றில் ஈடுபாடு கொண்ட டேனியல், சினிமாத் தொழில் கற்கச் சென்னை சென்றார். அங்கே ஸ்டூடியோவுக்குள் நுழைய முடியவில்லை. பம்பாயில், மாணவருக்குச் சினிமா பற்றிச் சொல்லித்தர வந்த ஆசிரியர் என்று சொல்லி உள்ளே போய்ப் பார்த்தார். சொத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

புராணக் கதைகளே ஓடிய காலத்தில் அவர் குற்றக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டார். செல்வர் வீட்டுச் சிறுவன் சந்திரகுமாரனைப் பூதநாதன் இலங்கைக்குக் கடத்துகிறான். சிறுவன் தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து மேற்பார்வையாளன் ஆகிறான். இலங்கை வந்த உறவினன் ஒருவனின் உடைமைகளையும் பூதநாதன் பறிக்கிறான். ஊர் திரும்பியபின், உடம்பிலுள்ள ஒரு தழும்பே சந்திரகுமாரனை அடையாளம் காட்டுகிறது. சிறுவனாக நடித்தவர் டேனியலின் மகன்.

நாயகி பி. கே. ரோசி தலித் பெண். ஏற்ற வேடம் நாயர் பெண். கேபிடல் கொட்டகையில் நடந்த முதல் காட்சிக்கு அவரை அனுமதிக்கவில்லை. நாயகன் அவர் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சியில் கல்வீச்சு தொடங்கியது என்பர். வீடு எரிக்கப்பட்டு, ரோசி தமிழ்நாட்டுப் பக்கம் தப்பிச் சென்றார். தம் முதல் படத்தை அவர் கண்ணால் பார்க்கவேயில்லை.

படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. டேனியலின் இளைய மகன் சிறுவயதில் விளையாட்டாகச் சுருள்களைக் கொளுத்திவிட்டார் என்று குடும்பத்தார் வழியே அறியப்படுகிறது. நம்பத் தகுந்ததே. அக்காலத்து நைட்ரேட் பிலிம் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிட்டு, தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் வெப்பத்தில் பிசுபிசுத்து, இறுதியில் பழுப்புத் தூளாக உதிரும்.

டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த மார்த்தாண்ட வர்மா (1933, 1931 என்றும் கூறுவர்) தப்பியது வேறு வகையில். அதற்கு மூலமான சி. வி. ராமன் பிள்ளை நாவலின் உரிமை பெற்ற கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுக்க, படப்பெட்டி பறிமுதலாகிப் புத்தகக் கிடங்கில் கிடந்தது. 1974இல் பி. கே. நாயர் அதை மீட்டு, புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார். தயாரிப்பாளரை முடக்கிய வழக்கே படத்தைக் காத்தது.

டேனியல் பிற்காலத்தில் பல் மருத்துவம் செய்து, 1975இல் மறைந்தார். அவர் பெயரால் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகிறது. 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த செல்லுலாயிட் படம் அவர் வாழ்க்கையைச் சொல்வது. ரோசியுடையதாக வழங்கும் நிழற்படமும் ஐயத்துக்குரியது. விகதகுமாரனின் ஓர் அடி பிலிம்கூட இதுவரை கிடைக்கவில்லை.