குளோனிஸ் முடிச்சு

அயர்லாந்தின் மோனகன் மாவட்டத்தில் குளோனிஸ் என்று ஒரு சிற்றூர். அயர்லாந்து லேஸ் பின்னுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பெயரை அறிவார்கள், ஏனென்றால் ஒரு முடிச்சுக்கு அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. சில சங்கிலிக் கண்ணிகள் போட்டு, குரோஷா ஊசியில் இருக்கும் கண்ணியைச் சற்று நீட்டி, நூலைச் சங்கிலிக்கு மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு முறை சுற்ற வேண்டும். பிறகு எல்லாச் சுற்றுகளுக்குள்ளும் நூலை ஒரே இழுப்பில் இழுத்து முடித்தால் மிளகளவில் ஓர் உருண்டை நிற்கும். தனித்தனியாகப் பின்னிய ரோஜா, இலை, திராட்சைக் கொத்து எல்லாவற்றையும் ஒரே லேஸாகச் சேர்க்கும் வலையில் இந்த முடிச்சுகள் இடம்பிடிக்கும். அயர்லாந்து லேஸ் என்றதும் எல்லோரும் ரோஜாவைத்தான் பேசுகிறார்கள். எனக்கோ அந்த லேஸின் கதை முழுவதும் பூக்களுக்கு நடுவே ஓடும் வலையில்தான் தெரிகிறது.

பூக்கள் அயர்லாந்தில் பிறந்தவை அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து லேஸ் ஐரோப்பியச் செல்வர்களின் கழுத்தை அலங்கரித்தது. தையல் ஊசியும் நூலும் மட்டும் கொண்டு செய்த கனத்த லேஸ் அது. பூக்கள் புடைத்து நிற்கும், கொடிகள் சுருளும், இடையே மெல்லிய இழைப் பாலங்கள் அவற்றைப் பிடித்திருக்கும். ஒரு துண்டை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பழைய துண்டுகளைப் பார்த்து, தையல் ஊசிக்குப் பதில் குரோஷா ஊசியால் அதே புடைப்பைக் கொண்டுவர முடியும் என்று 1840-களில் கண்டுகொண்டார்கள். கார்க் நகருக்கு அருகே பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னிமாடத்தில் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். லண்டனில் எலியோனோர் ரியேகோ த லா பிராஞ்சார்தியேர் மாதிரிப் புத்தகங்களை அடுத்தடுத்து அச்சிட்டார். அவருடைய தாய் ஐரிஷ்காரர். அயர்லாந்து குரோஷாவைக் கண்டுபிடித்தவர் என்ற பெருமையை அவருக்கே பலர் தருகிறார்கள். அவர் அச்சேற்றிப் பரப்பியது பெரிய வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கன்னிமாடங்களிலும் குடிசைகளிலும் பெயர் பதியாத பெண்கள் செய்ததையும் அவர் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளின் ஒரே உணவு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 82 லட்சத்தை நெருங்கியிருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சத்துக்கு இறங்கியது. அந்தப் பஞ்சத்துக்கு நடுவே, 1847-இல், குளோனிஸ் தேவாலயத்துப் பொறுப்பேற்று வந்த தாமஸ் ஹேண்டின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், ஊர்ப் பெண்களுக்கு ஏதாவது ஒரு வருமானம் வேண்டுமென்று தேடினார். கில்டேர் மாவட்டத்தில் ராபர்ட்ஸ் என்ற அம்மையார் பெண்களுக்கு இந்தப் பின்னலைப் பழக்கி, மற்ற ஊர்களுக்கு ஆசிரியைகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்தார் கசாண்ட்ரா.

இந்த வேலை பஞ்சத்துக்குப் பொருந்தியதற்குக் காரணம், இது துண்டு துண்டாகச் செய்யக்கூடியது என்பதுதான். திண்டும் கட்டைகளும் வைத்துப் பின்னும் லேஸுக்குத் தளவாடம் வேண்டும், இடம் வேண்டும், நீண்ட பயிற்சி வேண்டும். இதற்கு ஓர் ஊசியும் நூல் உருண்டையும் போதும். ஒருத்தி ரோஜா மட்டும் போடுவாள், இன்னொருத்தி மூவிலைக் கீரை மட்டும். ஒரே பூவைத் திரும்பத் திரும்பப் போட்டதால் கை பழகி வேகம் வந்தது. சில குடும்பங்கள் தங்கள் பூவை மறைத்தே வைத்திருந்தன என்றும், பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தால் மடியில் இருந்ததை ஒளித்துவிடுவார்கள் என்றும் சொல்வதுண்டு. அடுப்புப் புகையில் அழுக்கேறிய துண்டுகள் பிறகு வெளுக்கப்பட்டு வெள்ளையாக விற்பனைக்குப் போயின.

அந்தத் துண்டுகள் சேர்ப்பவளின் கைக்கு வந்து சேரும். அவளுடைய வேலையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கழுத்துப்பட்டை என்றால் அதன் உருவத்தைத் துணியிலோ தாளிலோ முதலில் வரைந்துகொள்வார்கள். பூக்களையும் இலைகளையும் அதன்மேல் முகம் கவிழ்த்து அடுக்கி, ஓட்டுத் தையலால் அசையாமல் பிடிப்பார்கள். அதாவது லேஸின் முதுகைப் பார்த்தபடியே அவள் வேலை செய்கிறாள், முகம் எப்படி வரும் என்பது அவள் மனதில்தான் இருக்கும். பிறகு ஒரு பூவின் ஓரத்தில் நூலைக் கோத்து, சங்கிலி போட்டு, முடிச்சு வைத்து, அடுத்த இலையின் விளிம்பைத் தொட்டு, திரும்பி, முந்தைய வரிசையின் வளைவைப் பிடித்து, இடைவெளி முழுவதையும் நிரப்புவாள்.

சதுரங்களைச் சேர்த்துப் போர்வை பின்னுகிறவர்களுக்கு ஓர் உதவி உண்டு: நான்கு பக்கமும் கண்ணிக் கணக்கு ஒன்றே. இங்கே அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. ரோஜாவுக்கும் இலைக்கும் நடுவே உள்ள சந்து ஓரிடத்தில் விரல் அகலம், இன்னோரிடத்தில் ஊசிகூட நுழையாது. எத்தனை கண்ணி, எங்கே முடிச்சு, எந்தத் திசையில் திரும்புவது என்பதை அந்தந்த இடத்தில் கண்தான் முடிவுசெய்யும். சங்கிலி ஒரு கண்ணி குறைந்தால் பூ சுருங்கும், ஒன்று கூடினால் வலை தொங்கிவிடும். போதாதற்கு ஒருத்தியின் கை இறுக்கமாக இருந்திருக்கும், இன்னொருத்தியின் கை தளர்ந்திருக்கும். பல கைகளில் பிறந்த அந்தப் பூக்கள் ஒரே கையில் பிறந்தவைபோல் தோன்றவேண்டிய பொறுப்பு முழுக்க வலை போடுகிறவளுடையது. எல்லாம் முடிந்ததும் ஓட்டுத் தையலைக் கத்தரித்துத் துணியை உருவிவிடுவார்கள். அதுவரை பூக்களைத் தாங்கியது துணி, இனி வலை மட்டுமே தாங்க வேண்டும்.

இந்த வலையில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடும் தெரிந்தது. வெனிஸ் பூவை யாரும் பார்த்துப் போடலாம். வலைக்குள் அந்த உருண்டை முடிச்சு வந்தால் குளோனிஸ் என்று தெரிந்துகொள்வார்கள்.

குளோனிஸ் லேஸ் டப்ளின் வழியாகவும் லண்டன் வழியாகவும் வெளியே போய், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நாகரிகத்தில் ஏறியது. கழுத்துப்பட்டையும் மணிக்கட்டு ஓரமுமாக இருந்தது, முழு மேல்சட்டையாகவும் முழு உடையாகவும் வளர்ந்தது. சேர்த்துப் பின்னும் பொருளுக்கு அந்த வசதி உண்டு, வலை நீளும் அளவுக்குத் துணியும் நீளும். அயர்லாந்து முறை இத்தாலிக்கும் போனது. ஒர்வியேத்தோ நகரில் 1907-இல் தொடங்கிய ‘ஆர்ஸ் வெத்தானா’ என்ற லேஸ் அமைப்பு அந்த முறையை எடுத்துக்கொண்டு, தங்கள் பேராலயத்து முகப்புச் சிற்பங்களில் உள்ள கொடிகளையும் உருவங்களையும் குரோஷாவில் பின்ன வைத்தது. இத்தாலியப் பூ அயர்லாந்துக்குப் போய், அயர்லாந்து இணைப்போடு இத்தாலிக்குத் திரும்பி வந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இயந்திரமும் சும்மா இருக்கவில்லை. 1880-களில் சுவிட்சர்லாந்தின் சென்ட் காலனிலும் ஜெர்மனியின் பிளாவனிலும் ஒரு வழி கண்டார்கள்: துணியின்மேல் இயந்திரத்தால் அடர்த்தியாகப் பூவேலை செய்து, பிறகு அந்தத் துணியை ரசாயனத்தில் கரைத்துவிடுவது. மிஞ்சும் நூல் லேஸாக நிற்கும். குளோனிஸ் பெண் உருவி எடுத்த துணியை அங்கே கரைத்தார்கள், தத்துவம் ஒன்றுதான். அயர்லாந்து குரோஷா போலவே தோன்றும் லேஸ் மலிவு விலையில் குவிந்தது. முதல் உலகப் போருக்குப் பின் உடைகளும் எளிமையாகிவிட, கைவேலைக்குக் கிராக்கி விழுந்தது.

குளோனிஸில் அது முழுதாக அழியாமல் இருந்ததற்குச் சில முதிய பெண்களே காரணம். மோயிரா திரேனர் என்பவர் அந்தப் பழைய முறையைக் கற்று, பிறருக்குக் கற்றுக்கொடுத்து, 2002-இல் குளோனிஸ் லேஸ் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். இதே முறை உக்ரைனிலும் ரஷ்யாவிலும் புது உயிர் பெற்றிருக்கிறது. அங்கே வண்ண நூலில், முழு உடைகளாகவே பின்னுகிறார்கள். உக்ரைனில் வெளியான ‘துப்லெத்’ போன்ற இதழ்களில் பூக்களுக்கும் இலைகளுக்கும் கண்ணி கண்ணியாக வரைபடம் கிடைக்கும். வரிசைக் கணக்கில்லாத வலைக்கு அப்படி வரைபடம் போட முடியாது, இரண்டு பூக்களுக்கு இடையிலான சந்து ஒவ்வொரு உடையிலும் வேறு. அதனால் பூவைப் புத்தகத்தில் கற்றவர்களும் வலையைக் கற்க, அதைப் போடத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள்.