வாலை அளக்கும் வேட்டைக்காரர்கள்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் சுட்ட பறவைகளை வரிசையாகக் கிடத்தி, இரண்டு பேர் டேப் வைத்து வால்களை அளந்துகொண்டிருக்கிறார்கள். "சார், இதிலும் வரலாறு இருக்கிறதா?" என்று கேள்வி. இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளம், காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

அந்தப் பறவையின் பெயர் ஃபெசன்ட். நம் காட்டுக்கோழியும் மயிலும் இதே குடும்பம்தான். சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, பச்சைத் தலை, சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம். அலகிலிருந்து வால் நுனி வரை அளந்தால் ஏறக்குறைய பாதி வால்தான். இங்கே ஒரு சின்ன விஷயம். மயிலின் தோகையை நாம் வால் என்று நினைக்கிறோம். அது வாலுக்கு மேலே உள்ள மூடு இறகுகள். நிஜ வால் அடியில் குட்டையாக நின்று தோகையைத் தாங்குகிறது. ஃபெசன்ட் சேவலுக்கு நீளமாக இருப்பது நிஜ வாலேதான். மொத்தம் 18 இறகுகள், அதில் நடுவிலுள்ள இரண்டுதான் மிக நீளம். அளக்கப்படுவது அந்த இரண்டு. 20 அங்குலம் இருந்தால் நல்ல வால். 24-ஐத் தொட்டால் ஊரைக் கூட்டிக் காட்டுவார்கள். தெற்கு டகோட்டா மாநிலத்து வேட்டை விடுதிகளில், ஆளுக்குச் சில டாலர் போட்டு, நீண்ட வால் யாருடையதோ அவருக்கே பணம் என்று பந்தயம் வைப்பதும் உண்டு.

வால் நீளமென்றால் கிழட்டுச் சேவல் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. கோடையின் தொடக்கத்தில் பொரித்த குஞ்சுக்கு அக்டோபர், நவம்பருக்குள் பெரிய சேவலின் வண்ணமும் வாலும் ஏறக்குறைய வந்துவிடும். விவரம் தெரிந்தவர் வாலைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். நம்மூர்ச் சேவலுக்கு இருப்பது போலவே இதற்கும் கால் முள் உண்டு. இளசுக்கு அது மொட்டையாக இருக்கும். வயதானதுக்கு நீண்டு கூராக இருக்கும். 1989-இல் நேச்சர் ஆய்விதழில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதியது இன்னும் சுவையானது. பெட்டைகள் சேவலைத் தேர்ந்தெடுப்பதும் முள்ளின் நீளத்தோடு தொடர்புடையது, முள் நீண்ட சேவல்களே அதிகம் பிழைத்திருக்கின்றன என்றார்கள். வாலுக்கும் பங்கு உண்டென்று பிறகு வேறு ஆய்வு வந்தது. எப்படியானாலும் டேப்பை வாலில் மட்டும் வைப்பது மனிதன் செய்யும் வேலை.

இனி வரலாறு. இந்தப் பறவை அமெரிக்காவுக்குச் சொந்தமில்லை. ஜார்ஜியா நாட்டில் இன்று ரியோனி எனப்படும் ஆற்றைப் பழைய கிரேக்கர்கள் ஃபாசிஸ் என்றார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. அமெரிக்காவில் வேரூன்றியது சீனத்துப் பறவை. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1881-இல் கப்பலில் ஒரு கூட்டத்தை அனுப்பினார். பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போயின. மனிதர் விடவில்லை, 1882-இல் மறுபடியும் அனுப்பினார். அவை ஆரிகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கில் விடப்பட்டுப் பெருகின. பத்து ஆண்டுகள் சுடத் தடை இருந்தது. 1892-இல் தடை நீங்கிய முதல் நாளிலேயே 50,000 பறவைகள் சுடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இதே டென்னி பிற்பாடு கொரிய மன்னர் கோஜோங்குக்கு ஆலோசகராகப் போனார். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த கொரியக் கொடி, இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கொரியக் கொடிகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

ஆரிகனிலிருந்து பறவை கிழக்கே போனது. தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் மாவட்டத்தில் 1908-ஐ ஒட்டி விடப்பட்டவை நிலைத்தன. முதல் வேட்டை அதே மாவட்டத்தில் 1919 அக்டோபர் 30 அன்று, ஒரே ஒரு நாள். விழுந்தவை சுமார் 200.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையில் முக்கியம். 1930-களில் கடும் வறட்சி. மண் புழுதியாகப் பறந்தது. குடும்பம் குடும்பமாக நிலத்தை விட்டுப் போனார்கள். உழாத வயலில் களை மண்டியது. பின்னால் மழை திரும்பியது, போர் வந்தது, துப்பாக்கி பிடிக்கும் வயதுக்காரர்கள் கடல் கடந்து போனார்கள். களைக்காடு பறவைக்குக் கூடு கட்டும் இடமாயிற்று. 1945 வாக்கில் அந்த மாநிலத்தில் 1 கோடியே 60 லட்சம் ஃபெசன்ட்கள் என்று மதிப்பிட்டார்கள். மக்கள் தொகை சுமார் 6 லட்சம்! அப்பன் பாட்டன் நிலத்தை இழந்தவன் வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், அதே நிலத்தில் பறவை கொழித்தது மறுபக்கம். வால் நீளத்தை அளக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கையும் யாராவது சொன்னால் தேவலை.

அந்தக் காலத்தில்தான் ஆபெர்டீன் ஊர் ரயில் நிலையத்தில் ஒரு கேன்டீன். 1943 முதல் 1946 வரை, ரயிலில் போருக்குப் போகும், திரும்பும் சிப்பாய்களுக்கு ஃபெசன்ட் கறி வைத்த சாண்ட்விச் இலவசம். சுற்றுவட்டாரப் பெண்கள் முறை வைத்துச் செய்து கொடுத்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாப்பிட்டார்கள். அங்கே யாரும் வாலை அளந்திருக்க மாட்டார்கள்.

போர் முடிந்து டிராக்டர்கள் வந்தன, வரப்போரப் புல் வரை உழுதார்கள், பறவை குறைந்தது. 1956-இல் அரசு நிலத்தைத் தரிசாக விட விவசாயிக்குப் பணம் கொடுத்தது, பறவை கூடியது. ஒப்பந்தங்கள் முடிந்ததும் மறுபடி சரிவு. 1985-இல் இன்னொரு தரிசுத் திட்டம். 2007-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம். எத்தனால் தயாரிக்க மக்காச்சோளத்துக்கு விலை ஏறியதும் புல்நிலம் மீண்டும் கலப்பைக்குப் போனது. 2013 கணக்கெடுப்பில் முந்தைய ஆண்டைவிட 64 சதவீதம் குறைவு.

இதன் வரவால் யாருக்கும் நஷ்டமே இல்லை என்று எழுதினால் நான் வாத்தியார் இல்லை. புல்வெளிக் கோழி என்று அந்த மண்ணின் சொந்தப் பறவை ஒன்று உண்டு. ஃபெசன்ட் பெட்டை அதன் கூட்டில் போய் முட்டையிட்டுவிடும். ஃபெசன்ட் முட்டை ஓரிரு நாள் முன்னதாகப் பொரியும். தாய்க்கோழி அந்தக் குஞ்சுகளைத் தன்னுடையவை என்று கூட்டிக்கொண்டு கிளம்ப, சொந்த முட்டைகள் கூட்டிலேயே குளிர்ந்துபோகும். இல்லினாய் மாநிலத்தில் இதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்று அங்கே ஒருவர் ஒரு நாளில் மூன்று சேவல் சுடலாம், பெட்டையைத் தொடக் கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் சில சேவல்கள் போனாலும் இனம் நிற்கும் என்பது கணக்கு. 2013 சரிவுக்குப் பிறகு அந்த மாநில ஆளுநர் டிசம்பரில் ஹியூரன் நகரில் விவசாயிகளையும் வேட்டைக்காரர்களையும் கூட்டிப் பேசினார். பேச்சு வாலைப் பற்றியல்ல, புல்லைப் பற்றி. அந்த ஊரில் 1959-இல் வைத்த ஒரு ஃபெசன்ட் சேவல் சிலை சாலையோரம் நிற்கிறது. உயரம் 28 அடி, வாலோடு சேர்த்து நீளம் 40 அடி.