கூரைக்குக் கீழே அடுப்பு: மணவூர்ப் பக்கத்து விறகடுப்பின் கதை

மணவூர், திருவாலங்காடு, திருத்தணிப் பக்கத்துக் கூரை வீடுகளில் விறகடுப்பு என்பது மூன்று மண் குமிழ்களும் விறகு தள்ள ஒரு வாயும் கொண்டது. அருகே கொடியடுப்பு இருந்தால், மூல அடுப்பின் அனல் ஒரு துளை வழியாக அதற்குள் ஓடி வெந்நீரைச் சூடாக வைத்திருக்கும். புகைக்குத் தனி வழி கிடையாது. கீற்றின் இடுக்குகளே புகைபோக்கி. புகை படிந்த ஓலையைப் பூச்சி அரிக்காது என்று அதையும் நன்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் புகைதான் பனையோலையையும் கரும்புத் தோகையையும் உள்ளிருந்து காயவைத்துக் கரி பூசியது. அடுப்புக்கு நேர்மேலே பரண் கட்டி ஈர விறகை உலர்த்தும் வழக்கம் நெருப்பை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தது. வீட்டை விட்டு விலகிச் சமையலுக்குத் தனிச் சாய்ப்பு இறக்குவதும், சமையல் முடிந்ததும் கொள்ளியை நீர் தெளித்து அணைப்பதுமே அக்காலக் காப்பு.

கூரையில் பிடித்த தீயை அணைப்பது கடினம். மழைநீர் வழிந்தோடத்தானே கூரை வேய்கிறார்கள். தீயணைப்பு வீரர் பீய்ச்சும் நீரும் அப்படியே மேலே வழிந்துவிட, அடியில் ஓலை கனன்றுகொண்டே இருக்கும். ஆகவே கொக்கியால் கீற்றைப் பிய்த்து இழுக்க வேண்டும். அந்நேரம் எரிந்த மூங்கில் வரிச்சு தலைமேல் விழலாம். பறக்கும் பொறி அடுத்த கூரையில் போய் உட்காரலாம்.

சட்டம் முதலில் பார்த்தது கூரையைத்தான். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், அனுமதியின்றிப் புல், ஓலை, பாய் போன்றவற்றால் கூரை போடுவதைத் தடுத்தது. அது நகராட்சி எல்லைக்குள் மட்டுமே. கூரைகள் மிகுந்திருந்த கிராமங்கள் வெளியே நின்றன.

அடுப்பின் மீது கவனம் திரும்பியது வேறு காரணத்தால். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு உருவாக்கிய புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் வெளிவந்தது. வரிசையாகப் பானைக் குழிகள், கடைசியில் புகைக்குழாய்: ஒருவகையில் நம் கொடியடுப்பின் நீட்சிதான். தீச்சுவாலை மேலே எழாமல் பக்கவாட்டில் ஓடுவது கூரைக்கு நல்லது. ஆனால் சூடான குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. குழாய்க்கும் ஓலைக்கும் இடைவெளி இல்லாவிட்டாலும், உள்ளே படியும் கரியையும் தாரையும் தட்டி எடுக்காவிட்டாலும், காப்பாக வந்ததே தீயின் வாசலாகிவிடும்.

1960இல் இந்தியத் தரநிலை நிறுவனம் புகைபோக்கி, புகைக்குழாய், அடுப்பு மேடை ஆகியவற்றின் தீப்பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 1645 என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. செங்கல் புகைபோக்கி கட்டும் பொறியாளருக்கு அது உதவியிருக்கும். மண்ணைக் குழைத்துத் தானே அடுப்பு போடும் பெண்ணிடம் அதை யாரும் கொண்டுபோகவில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் கோடிக்கணக்கான அடுப்புகளை ஊர்களுக்குக் கொண்டுசென்றது. அதன் அக்கறை விறகுச் சிக்கனமும் புகைக் குறைப்பும். குழாயைத் துடைக்கும் வேலை வீட்டாரிடமே விடப்பட்டது; பல வீடுகளில் புது அடுப்பு உடைந்து பழைய அடுப்பே திரும்பியது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் ஓலைக் கூரைக்குத் தடை வந்தது. இம்முறையும் கை வைக்கப்பட்டது கூரையில்தான் என்றாலும், இந்த முறை கிராமமும் தப்பவில்லை. 2006க்குப் பின் இலவச எரிவாயு அடுப்பும், 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டமும் வந்தன.

இவற்றால் விறகடுப்பு மறையவில்லை; கொல்லைப்புறச் சாய்ப்புக்குப் போனது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அங்கே இன்றும் அது எரிகிறது. எரியும் குடிசைக்கு வரும் வீரர்களுக்குப் புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: உள்ளே சிலிண்டர் இருக்கிறதா? 14.2 கிலோ வாயு கொண்ட உருளை கனலுக்கு நடுவே சூடேறிக்கொண்டிருந்தால், கூரையைப் பிய்ப்பதற்கு முன் அதன்மேல் நீர் பீய்ச்சிக் குளிர்விக்க வேண்டும்.