தீயணைப்பு வீரரின் ஹெல்மெட்: மாட்டுவது, கழுவுவது, மாற்றுவது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்துக்கு போன் வந்தால், அது எதற்கான அழைப்பு என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. கரும்புத் தோட்டம் பற்றியிருக்கலாம். வைக்கோல் போரோ கூரை வீடோ எரியலாம். பாசனக் கிணற்றில் மாடு விழுந்திருக்கலாம். 2021 அக்டோபர் 26-ம் தேதி, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது, சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை வெடித்துச் சிதறிப் பல உயிர்களைப் பறித்ததுபோல எதிர்பாராத கொடுமையாகவும் இருக்கலாம்.

எந்த அழைப்பாக இருந்தாலும் வண்டியில் ஏறும்போது தலையில் ஏறுவது ஹெல்மெட். "அட, தலையில மாட்டினா போதும், அதுல என்ன இருக்கு?" என்று தோன்றலாம். ஆனால் சரியாகப் பொருந்தாத ஹெல்மெட் நெருக்கடியில் கழன்றுவிடும். கழுவாத ஹெல்மெட் தீ அணைந்த பிறகும் உடம்பைக் கெடுக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே தெரிவது ஓடு. அந்தக் காலத்து லண்டன் தீயணைப்பு வீரர்கள் பளபளக்கும் பித்தளை ஹெல்மெட் அணிந்தார்கள். ஊரெங்கும் மின்கம்பி வந்த பிறகு, மின்சாரம் கடத்தும் உலோகத்தைத் தலையில் வைப்பது ஆபத்து என்பதால் 1930-களில் அதைக் கைவிட்டார்கள். இப்போது கண்ணாடியிழை, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் போன்றவற்றில்தான் ஓடு செய்கிறார்கள். தீயணைப்பு வீரர்களுக்கான உலோகமல்லாத ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 2745 என்ற இந்தியத் தர நிர்ணயமும், கட்டடத் தீக்கான ஹெல்மெட்டுக்கு இ.என். 443 என்ற ஐரோப்பியத் தர நிர்ணயமும் உண்டு.

ஓட்டுக்குள் அடியைத் தாங்கும் மெத்தையும், தலையைத் தொட்டில் மாதிரி ஏந்தும் பட்டைகளும் இருக்கும். மேலிருந்து நாட்டு ஓடு ஒன்று சரிந்து விழுந்தால், அந்த விசையைப் பரப்பி வாங்கிக்கொள்வது இவைதான். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பாதுகாப்பே. அதனால் அந்த இடைவெளியில் கைக்குட்டை, பீடிக்கட்டு, செல்போன் எதையும் செருகக் கூடாது.

சரியாகப் பொருத்துவது எப்படி?

* ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்தில், மட்டமாக இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் நெற்றி வெளியே தெரியும். முன்னால் இறங்கினால் பார்வையை மறைக்கும்.

* பின்பக்கத் திருகைத் தலையைப் பிடிக்கும்வரை முறுக்குங்கள். நெற்றியில் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கினால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

* தாடைப்பட்டையைப் போடாமல் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் அசையாமல் நின்றால் அளவு சரி. பிறகு பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். வெடிப்பிலோ, படியில் தடுக்கி விழும்போதோ ஹெல்மெட்டைத் தலையோடு பிடித்து வைப்பது அந்தப் பட்டைதான்.

* நெருப்புக்குள் போகும்போது தலையில் துணிமுகமூடியும், முகத்தில் மூச்சுக்கருவியும் இருக்கும். வெறுந்தலையில் அளவு பார்த்துவிட்டு, அங்கே போய் "இடிக்குதே" என்றால் நேரம் இருக்காது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே அளவு பாருங்கள்.

* கழுத்துத் துணியை மடக்கி உள்ளே சொருகாதீர்கள். மேலிருந்து விழும் தீப்பொறியும் கொதிநீரும் பிடரி வழியாகச் சட்டைக்குள் போகாமல் தடுப்பது அதுதான்.

ஒரு ஹெல்மெட்டை ஷிப்ட் மாற்றி இரண்டு பேர் அணிகிற இடத்தில், ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மலைக்கு வேறு, கிணற்றுக்கு வேறு

கல்வராயன் மலையில் கோடையில் சருகு காய்ந்து கிடக்கும்போது காட்டுத்தீ பரவும். அதை எதிர்கொள்ள வனத்துறையினரும் மலைவாழ் மக்களும் செங்குத்தான சரிவில் மணிக்கணக்கில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். கட்டடத் தீக்கான கனமான ஹெல்மெட்டை அங்கே போட்டால் வெப்பமும் களைப்பும்தான் மிஞ்சும். உருண்டு வரும் கல், முறிந்து விழும் கிளை, பறக்கும் பொறி ஆகியவற்றைத் தாங்கும் இலகுவான, காற்றோட்டமுள்ள ஹெல்மெட்டும், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் போதும். இதற்கென்றே இ.என். 16471 என்ற தனித் தர நிர்ணயம் இருக்கிறது. ஆனால் இந்த ஹெல்மெட்டோடு எரிகிற வீட்டுக்குள் நுழையக் கூடாது.

கிணற்றில் இறங்கும்போது பெரிய ஆபத்து மேலிருந்து பெயர்ந்து விழும் கல். கட்டட வேலைக்கான சாதாரண ஹெல்மெட்டின் தாடைப்பட்டை, எங்காவது சிக்கினால் கழுத்தை இறுக்காமல் இருக்க, கழன்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கும். கயிற்றில் தொங்குபவருக்கு அது உதவாது. மலையேற்றத்துக்கும் மீட்புப் பணிக்கும் செய்யப்பட்ட, பட்டை கழலாத ஹெல்மெட்தான் சரி.

கழுவினால்தான் காப்பு

கரி படிந்த ஹெல்மெட்டை அனுபவத்தின் அடையாளமாக நினைக்கும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. அந்தக் கரியில் எரிந்த பிளாஸ்டிக், பெயின்ட், மெத்தை நுரை ஆகியவற்றின் நச்சு ஒட்டியிருக்கும். வியர்வையோடு கலந்து அது நெற்றியிலும் கழுத்திலும் ஊறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2022-ல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

அதனால் தீ அணைந்ததும் முதல் வேலை, மூச்சுக்கருவியைக் கழற்றுவதற்கு முன்பே ஹெல்மெட்டில் உள்ள கரியைப் பிரஷால் தட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. பிறகு பாலித்தீன் பையில் கட்டி, ஆள் உட்காரும் கேபினில் வைக்காமல் தனியாக எடுத்து வாருங்கள்.

நிலையத்துக்கு வந்ததும்:

1. கையுறை போட்டுக்கொண்டு உள்பட்டை, வியர்வைப் பட்டை, கழுத்துத் துணி, தாடைப்பட்டை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். மாட்டும்போது குழம்பாமல் இருக்க முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

2. ஓட்டை வெதுவெதுப்பான தண்ணீரிலும் மிதமான சோப்பிலும் மென்மையான ஸ்பாஞ்சால் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். இவை ஓட்டையும் பட்டையையும் வலுவிழக்கச் செய்யும்.

3. முகக்கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். கரித்துகள் உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். தண்ணீர் ஊற்றிய பிறகே துடைக்க வேண்டும்.

4. துணிப் பகுதிகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறையில் தனியாகத் துவையுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தைகளின் துணியோடு ஊறவைக்கவே கூடாது.

5. நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். நம்ம ஊர் வெயில் சீக்கிரம் காய வைக்கும்தான். ஆனால் பிளாஸ்டிக்கையும் பட்டை நூலையும் அதே வெயில்தான் நைந்துபோகச் செய்யும். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதும் இதே கேடுதான்.

எப்போது மாற்ற வேண்டும்?

மாதத்துக்கு ஒருமுறையாவது நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓட்டில் மயிரிழை விரிசல், கொப்புளம், நிறம் மாறிய இடம், விரலால் அழுத்தினால் அமுங்கும் பகுதி இருக்கிறதா? திருகு வழுக்குகிறதா? தையல் பிரிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அதிகாரியிடம் காட்டாமல் அணியக் கூடாது.

பலத்த அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், ஓய்வுக்குத்தான். உள்மெத்தை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியை அதே மாதிரி தாங்காது. தயாரித்த தேதி உள்பக்கம் இருக்கும். அமெரிக்கத் தர விதியின்படி அதிலிருந்து 10 ஆண்டுகள்தான் ஆயுள். நீங்களே பெயின்ட் அடிப்பது, துளை போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது எதுவும் வேண்டாம். அதன் பசையும் கரைப்பானும் ஓட்டைக் கெடுக்கலாம், விரிசலையும் மறைத்துவிடும்.

எவ்வளவு நல்ல ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. 2020 நவம்பர் 14, தீபாவளி அதிகாலையில் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள், கட்டடம் இடிந்து உயிரிழந்தார்கள். சுவர் சரியப்போகிறது என்றால் வெளியே வருவதுதான் பாதுகாப்பு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டி போட்டோ எடுக்கக் குழந்தைகளுக்கு ஆசை வருவது இயல்பு. ஏப்ரல் 14 முதல் 20 வரை நடக்கும் தீயணைப்பு சேவை வாரத்தில், செயல்விளக்கம் பார்க்கும் பிள்ளைகளும் "எனக்கு, எனக்கு" என்று கை நீட்டுவார்கள். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அது கழுவிக் காய்ந்த ஹெல்மெட்டாக இருக்க வேண்டும். நேற்றைய தீயின் கரி அந்தப் பிஞ்சு நெற்றியில் ஒட்டக் கூடாது.